பெரிய நுகர்வோர் வாரியத்தைக் காப்பாற்ற மாட்டார்

எந்தத் தொழில் மாநாடு நடந்தாலும் மேடையில் ஒரு வாசகம் தவறாமல் ஒலிக்கிறது: பெரிய நுகர்வோர் வந்தால்தான் மின்வாரியம் பிழைக்கும். இப்போது பெரிய நுகர்வோர் என்றால் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழும்பி நிற்கும் தரவு மையங்கள். அவர்களுக்குக் கேட்டவுடன் இணைப்பு கொடு, நஷ்டத்துக்குக் காரணமான இலவச பம்புசெட்டைக் குறை என்பதே இதன் சாரம். கீழ்பென்னாத்தூர் பக்கம் கிணற்றை நம்பி நெல்லும் மணிலாவும் போடுகிற எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சு இது. பதில் சொல்லாமல் விட முடியாது.

வேலை கிடைக்கும் என்கிறார்கள். கட்டி முடித்த தரவு மையம் தின்பது மின்சாரத்தை. வேலைக்கு வைப்பது கொஞ்சம் பேரை.

வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான் என்கிறார்கள். இலவச இணைப்புக்கு மனுப் போட்ட விவசாயி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். ஒரு லட்சம் புதிய இணைப்புகள் தருவதாக 2021-ல் அரசு அறிவிக்க வேண்டிய அளவுக்கு மனுக்கள் தேங்கிக் கிடந்தன. காத்திருக்க முடியாதவருக்குத் தட்கல்: 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய். அதே 2021-ல் வந்த தரவு மையக் கொள்கை, அந்த நிறுவனங்களுக்கு இரு வழிகளில் மின்சாரம் கிடைக்க வழிசெய்கிறது. சிறுசேரியில் 2022-ல் தொடங்கிய அதானிகனெக்ஸ் மையத்தின் முழுத்திறன் 33 மெகாவாட். 5 குதிரைத்திறன் மோட்டார்கள் ஏறக்குறைய 8,800 ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம்.

அடுத்து, வாரியம் பிழைக்கும் என்ற மூலவாதம். பெரிய நுகர்வோர் முழு மின்சாரத்தையும் வாரியத்திடம் வாங்கினால்தானே அது பிழைக்கும்? 2003 மின்சாரச் சட்டமும் அதன் விதிகளும் அவருக்கு வேறு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. ஒரு காற்றாலையிலோ சூரிய மின்நிலையத்திலோ நுகர்வோர் சிலர் சேர்ந்து 26 சதவீதப் பங்கு வைத்து, 51 சதவீத மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் அது சொந்த உற்பத்தி ஆகிவிடும். குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் அவர்களுக்குக் கிடையாது. சிறிய நுகர்வோருக்கு விலையைக் குறைக்க வாரியம் நம்பியிருக்கும் பணமே அதுதான். 2022-ல் வந்த மத்திய விதிகள், 100 கிலோவாட் பளு உள்ளவரே பசுமை மின்சாரத்தை வெளியே வாங்கலாம் என்றன. நம் நூற்பாலைகள் பல காலமாகச் சொந்தக் காற்றாலை வைத்திருக்கின்றன. தரவு மையங்கள் மட்டும் வாரியத்திடமே வாங்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? வெயில் சாய்ந்ததும் சூரிய மின்சாரம் நின்றுவிடும். தரவு மையம் நிற்காது. சந்தையில் யூனிட் 10 ரூபாய் உச்சவரம்பைத் தொடும் அந்த மாலை நேரத்தில் தேடிப்பிடித்துக் கொடுக்க வேண்டியது வாரியம்தான். மலிவான நேரத்தில் வெளியே வாங்குகிறவர், விலையேறும் நேரத்தில் மட்டும் வாரியத்திடம் வந்து நிற்பார். இவரா வாரியத்தைக் காப்பவர்? எங்கள் மோட்டாருக்கு நடுப்பகல் போதும். சூரிய மின்சாரம் மிகுந்திருப்பதும் அப்போதுதான். எங்கள் மின்சாரத்துக்கான மானியத்தையும் மாநில அரசு வாரியத்துக்குச் செலுத்துகிறது.

தரவு மையத்தின் பளு சீரானது, அது கட்டமைப்புக்கு நல்லது என்கிறார்கள். 2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் ஓர் உயரழுத்தப் பாதையில் பழுது ஏற்பட்டது. மின்னழுத்தம் ஆடியதும் தரவு மையங்கள் தங்கள் ஜெனரேட்டருக்குத் தாவிவிட்டன. ஒரே வீச்சில் 1,500 மெகாவாட் பளு கழன்று விழுந்தது. அயர்லாந்தில் 2023-ல் மொத்த மின் நுகர்வில் 21 சதவீதம் தரவு மையங்களுக்கே போனது. டப்ளின் பகுதியில் புதிய மையங்களுக்கு இணைப்பு தருவதைச் சில ஆண்டுகள் ஏறக்குறைய நிறுத்தியே வைத்திருந்தார்கள்.

கடைசியாக, தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதலில் நிறுத்துவது? மேடைகளில் யாரும் இதைத் தொடுவதில்லை. 2012-ல் கிராமங்கள் நாளில் பாதிக்கு மேல் மின்சாரமின்றிக் கிடந்தன. பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் என்ற மும்முனை மின்சாரமும் பெரும்பாலும் கணக்கில்தான் இருந்தது. மீண்டும் அந்த நிலை வந்தால் கீழ்பென்னாத்தூர் ஃபீடரை நிறுத்துவார்களா, சிறுசேரியை நிறுத்துவார்களா? டெக்சாஸ் மாநிலம் 2025-ல் சட்டமே போட்டுவிட்டது: புதிதாக இணையும் 75 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நுகர்வோரின் பளுவை நெருக்கடியில் துண்டிக்கலாம். துணைமின் நிலையச் செலவு முழுவதையும் ஏற்று, தட்டுப்பாட்டில் தங்களுக்கே முதலில் நிறுத்தலாம் என்று தரவு மையங்கள் இங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடட்டும். அதுவரை அவர்களுக்காகப் பேசுகிறவர்கள் எங்கள் பம்புசெட்டைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.