வச்சிரமும் ரத்தக் குழாயும்

ஏலகிரி மலையடிவாரத்திலே, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் நம் தோழர்களில் பலருக்குத் தோல் பதனிடுவதே பிழைப்பு. அந்த வாடை பட்டாலே தீட்டு என்று மூக்கைப் பிடித்துக் கொள்ளும் வைதீகர்களுக்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம்.

நமது ரத்தக் குழாய்களின் உட்புறத்தில் ஒரே வரிசையாய் ஜீவ அணுக்கள் பாவியிருக்கின்றன. அவை பழுதில்லாமல் இருக்கிற மட்டும் ரத்தம் குழாய்க்குள் உறைவதில்லை. சர்க்கரை நோயாலும் புகையிலையாலும் காலின் குழாய் அடைபட்டால் சில பேருக்கு மருத்துவர்கள் செயற்கைக் குழாய் வைக்கிறார்கள். ரத்தமோ அதை அந்நியப் பொருளென்று கண்டு உறைகிறது. ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாயானால் சீக்கிரமே அடைத்துக் கொள்ளுகிறது. அப்படியானால் நோயாளியின் சொந்த அணுக்களையே வளர்த்து அக்குழாய்க்குள் பாவினால் என்ன? இதைப் பகவானிடம் கேட்கவில்லை. பரீட்சை செய்து பார்த்தார்கள்.

1973இல் நியூயார்க்கில் ஜாஃபே என்பவரும் அவர் கூட்டாளிகளும் இவ்வணுக்களை எதிலிருந்து எடுத்து வளர்த்தார்கள் தெரியுமா? பிள்ளை பெற்ற வீட்டிலே தீட்டென்று புதைக்கிறோமே, அந்தத் தொப்புள் கொடியிலிருந்து! வெறும் பிளாஸ்டிக்கில் இவை சரியாய் ஒட்டுவதில்லை. ஒட்டுவதற்காகத் தடவும் பொருள்களில் ஒன்று ஜெலாட்டின். அதாவது, தச்சன் பலகை ஒட்டக் காய்ச்சுகிறானே வச்சிரம், அதன் சுத்தமான வகை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஒட்டினால் மட்டும் போதுமா? பெருக வேண்டாமா? அதற்கான வளர்ச்சிச் சத்தை 1979இல் மாட்டு மூளையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். வந்த அணு எந்த ஜாதிக்காரன் உடம்பினது என்று வச்சிரமும் கேட்கவில்லை, மாட்டு மூளையும் கேட்கவில்லை.

நிற்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தாரும், ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்னும் நாரோடு ஜெலாட்டினையும் வளர்ச்சிச் சத்தையும் சேர்த்துப் பூசி, அதன்மேல் இவ்வணுக்களை வளர்த்திருக்கிறார்கள். வியன்னாவில் 1989 முதல், நோயாளியின் சிரையில் எடுத்த அணுக்களை ஃபைப்ரின் பூசிய குழாயில் பாவி, காலிலேயே வைத்தார்கள். அவற்றில் பல குழாய்கள் வருஷக் கணக்கில் அடைபடாமல் ஓடின.

குறையையும் மறைக்க மாட்டோம். அணுக்கள் வளர வாரக் கணக்காகும், செலவும் பெரிது. அழுகும் கால் அதுவரை காத்திராது. நாம் அறிந்த தோல் தொழிலாளி ஒருவர், ஆறாத கால் புண்ணுக்கு மூன்று மாதம் வேப்பிலை அடித்து, மந்திரித்த விபூதி பூசி, கடைசியில் வேலூருக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே மிஞ்சவில்லை.