வெயில் குடிக்கலாம் வாங்க!

முதலில் ஒரு விளக்கம். எங்க ஊர் தென்காசிப் பக்கம் இருக்கிற ஆலங்குளம் இல்லை சார். அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். பேரிலேயே குளம் இருக்கிறது. வீட்டுக் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்!

ஆனால் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். காய்ந்த பூமியையே முதலாகப் போட்டுத் தொழில் வளர்ந்தது. இன்றைக்கும் வெயில் அடித்தால்தான் இங்கே மருந்து காயும். மழை பெய்தால் கிணறு நிறையும்; சம்பளக் கவர் இளைக்கும்.

அப்பேர்ப்பட்ட வெயிலை இத்தனை வருஷமாகத் தலையில் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன். நான்கு வயதுப் பையனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததும்தான் புத்தி வந்தது. ராத்திரி ஏழெட்டு தடவை. விடியும்போது வாழைத்தண்டு மாதிரி துவண்டு கிடந்தான். டாக்டர் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லிவிட்டு, "தண்ணியைக் காய்ச்சித்தானே கொடுக்கறீங்க?" என்றார். என் சம்சாரம் என்னைப் பார்த்தாள். நான் அப்பத்தாவைப் பார்த்தேன். அப்பத்தா காலண்டரைப் பார்த்துச்சு!

நமக்கு பி.காம். மூளை. கேஸ் செலவு இவ்வளவு, கேன் செலவு இவ்வளவு என்று கணக்குப் போட்டதில், செலவே இல்லாமல் ஒரு வழி கிடைத்தது. வெயில்!

சிரிக்காதீர்கள். பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்டிம் அக்ரா என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்து, 1980ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். ஆராய்ந்தது எதை என்கிறீர்கள்? டாக்டர் சொன்ன அதே உப்பு-சர்க்கரைக் கரைசலைத்தான். அதில் இருந்த கிருமிகளை வெயில் தீர்த்துக் கட்டியது. 1991லிருந்து சுவிட்சர்லாந்தின் 'ஈவாக்' நிறுவனம் அதைப் பாட்டில் தண்ணீருக்குக் கொண்டு வந்தது.

முறை சுலபம். நிறமில்லாத, கீறல் விழாத, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பெட் பாட்டில். அடியில் முக்கோணத்துக்குள் '1' என்று போட்டிருக்கும். நன்றாகக் கழுவி, முக்கால்வாசி நிரப்பிக் குலுக்கி, பிறகு முழுக்க நிரப்பி மூடி, தகரத்தின் மேல் படுக்க வையுங்கள். நல்ல வெயிலில் ஆறு மணி நேரம். பாதி வானம் மேகமாக இருந்தால் இரண்டு நாள். அடைமழை என்றால் அடுப்புதான். புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து கிருமிகளை முடித்துவிடும்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் வேலைக்காகாது. அதற்கு ஒரு டெஸ்ட். பாட்டிலை இந்தப் பத்திரிகையின் அட்டையில் நிமிர்த்தி வைத்து, மேலிருந்து பாருங்கள். பெரிய எழுத்தைப் படிக்க முடிந்தால் பாஸ். (பக்கத்து வீட்டில் ஓசி வாங்கிய பத்திரிகையிலும் டெஸ்ட் வேலை செய்கிறது.)

பழைய பேப்பர் கடை அண்ணாச்சியிடம் ஆறு பாட்டில் வாங்கி மொட்டைமாடியில் அடுக்கினேன். எதிர் வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ளே, ராக்கெட் விட பாட்டிலா? தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கே!"

இது ஏதோ வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். நம்ம வேலூரிலேயே ஒரு குடிசைப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளுக்கு இப்படி வெயில் காட்டிய தண்ணீர் கொடுத்து, கொடுக்காத 100 குழந்தைகளோடு ஆறு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2006ல் முடிவு வெளியானது. வயிற்றுப்போக்கு வரும் அபாயம் 40 சதவீதம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் 86 சதவீதக் குழந்தைகள் நடுநடுவே வேறு தண்ணீரும் குடித்திருந்தார்கள்.

ஆனால் கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். பொலிவியாவில் 22 கிராமங்களில் நடந்த சோதனையின் முடிவு 2009ல் வந்தது. உருப்படியான பலன் தெரியவில்லை. வெயில் ஏமாற்றிவிட்டது என்பதற்கில்லை. சராசரியாக மூன்றில் ஒரு பங்குப் பேர்தான் முறையைக் கடைப்பிடித்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் டைரியைப் புரட்டினேன். முதல் மாதம் 30 நாளில் நான் பாட்டில் வைத்தது 13 நாள். திங்கள்கிழமை ஆபீசுக்கு லேட். செவ்வாய் மறதி. ஞாயிற்றுக்கிழமை... ஞாயிற்றுக்கிழமை!

என் சம்சாரம் டைரியை மூடி வைத்தாள். "காலைல துணி காயப்போடறப்ப பாட்டிலை வைக்கணும். சாயங்காலம் துணி எடுக்கறப்ப பாட்டிலையும் எடுக்கணும். இதுக்குப் போய் டைரி எதுக்குங்க?" அவ்வளவுதான். இரண்டாவது மாதம் ஒரு நாள் கூட விடுபடவில்லை. (அவள் படித்தது பி.ஏ. தமிழ்.)

ஒன்றை மறக்காதீர்கள். வெயில் கிருமியைத்தான் கொல்லும். போர் தண்ணீரின் உப்பு, ஃப்ளோரைடு, ரசாயனம் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதற்கு வேறு வைத்தியம். நல்ல குடிநீர் கொடுப்பதும் சர்க்கார் பொறுப்புதான்; பாட்டிலைக் காட்டி அவர்கள் தப்பிக்க முடியாது. ஆனால் குழாய் சரியாகும் வரை பிள்ளையின் வயிறு காத்திருக்காதே!

நேற்று சாயங்காலம் பாட்டில்களோடு இறங்கி வந்தேன். பையன் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அப்பா, தண்ணி வெந்துருச்சா?"

வெந்துவிட்டது மகனே. உங்கப்பனுக்குத்தான் லேட்டாக வெந்தது!