சான்றிதழ் தாமதமும் சங்கத்தின் கடமையும்

மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த கிழங்கைத் தோண்டி எடுத்தபின் லாரி வரத் தாமதமானால், இரண்டு மூன்று நாட்களுக்குள் அது உள்ளே கறுத்துவிடும். ஆலையில் பாயிண்ட் குறையும், விலையும் குறையும், சில சமயம் வாங்கவே மறுத்துவிடுவார்கள். கிழங்கிலும் குற்றமில்லை, பாடுபட்டவன் மீதும் குற்றமில்லை. இடையில் கழிந்த நாட்களே அதனைக் கெடுத்தன. நம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பிலும் ஆண்டுதோறும் இதுவே நிகழ்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் படித்துத் தேறிய பிள்ளை, பள்ளியிலிருந்து வர வேண்டிய ஒரு தாள் உரிய நாளில் வராமையால், கல்லூரி வாசல் வரை சென்று திரும்புகிறது. இதனை அந்தக் குடும்பத்தின் தலைவிதி என்று விட்டுவிடாமல், சங்கத்தின் காரியமாக நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

இவ்விஷயத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற அங்கத்தினர்கள் அனுமதிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு என் அண்ணன் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான். எங்கள் குண்டனி நாட்டிலிருந்து பொறியியல் படிக்கப் போகிறவன் என்று ஊரே மகிழ்ந்தது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021இல் வந்திருந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பையன் எட்டாம் வகுப்பு வரை மலையில் ஒரு பள்ளியிலும், அதன்பின் சமவெளியில் வேறொரு பள்ளியிலும் படித்தவன். ஆகவே இரண்டு பள்ளிகளிலிருந்தும் பயின்றமைக்கான சான்று வேண்டியிருந்தது.

அவற்றுள் ஒரு பள்ளியில் சான்று கிடைத்துவிட்டது. மற்றொன்றில் முதல் நாள் சென்றபோது தலைமையாசிரியர் கூட்டத்துக்குச் சென்றிருந்தார். இரண்டாம் முறை, எழுத்தர் மாறுதலாகிச் சென்றுவிட்டார், புதியவர் இன்னும் வரவில்லை என்றார்கள். மூன்றாம் முறை, பதிவேட்டில் பையனின் பெயருக்கு முன்னுள்ள முதலெழுத்து வேறாக இருக்கிறது, திருத்தம் வேண்டும் என்றார்கள். நான்காம் முறை சான்று கையில் கிடைத்தது. ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாள் அதற்கு முன்பே கடந்துவிட்டது. காரவள்ளிக்கு இறங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நான்கு முறை கடந்து, நான்கு நாள் வேலையையும் இழந்து, நாங்கள் கொண்டுவந்தது பயன்படாத ஒரு காகிதம். பணம் கட்டிப் படிக்க வகையில்லாததால் பையன் அவ்வாண்டு வீட்டில் இருந்தான்; மறு ஆண்டு வேறு படிப்பில் சேர்ந்தான்.

பின்னர் இதுபற்றி நாங்கள் முறையிட்டபோது, பள்ளியில் சொன்ன பதில் எங்கள் வாயை அடைத்துவிட்டது. ‘நீங்கள் கடைசி வாரத்தில்தானே வந்தீர்கள்?’ என்றார்கள். அதற்கு முன் மூன்று முறை சென்றதற்கு எங்களிடம் சாட்சி இல்லை. ஒரு முறையேனும் மனு எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்ததற்கு முத்திரை பெறவில்லை. வாயால் கேட்டோம்; வாயாலேயே பதில் பெற்றோம். கேட்ட தேதி எழுத்தில் இல்லாவிட்டால், தாமதம் நேர்ந்தது என்பதையே நிரூபிக்க இயலாது. இப்பாடத்திற்கு எங்கள் குடும்பம் ஓர் ஆண்டை விலையாகக் கொடுத்தது.

பள்ளிகளின் மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமாகாது. தலைமையாசிரியர் இடம் காலியாக இருக்கும் பள்ளிகள் உண்டு. ஒரே எழுத்தர் சம்பளப் பட்டியல், புள்ளிவிவரம், உதவித்தொகை, எமிஸ் என்னும் கணினிப் பதிவு ஆகிய எல்லாவற்றையும் பார்க்கும் பள்ளிகளும் உண்டு. தேர்வு முடிவு வந்த வாரத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே சாளரத்தின் முன் நிற்கிறார்கள். மாற்றுச் சான்றிதழும் அக்கணினிப் பதிவிலிருந்தே தயாராவதால், பெயரிலோ பிறந்த தேதியிலோ பிழையிருந்தால் அதனைத் திருத்தாமல் சான்று எழுதினால் பிற்காலத்தில் பிள்ளைக்கே துன்பம். இவையெல்லாம் மன்னிக்கத்தக்க தாமதங்கள். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் தவிர்க்கத்தக்கவையும் ஆகும்.

மன்னிக்கத்தகாத தாமதமும் உண்டு. கட்டணப் பாக்கிக்காகச் சான்றிதழைப் பிடித்து வைத்தல் ஒன்று. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வேறு பள்ளிக்குச் செல்லாதிருக்க நாளைக் கடத்துதல் மற்றொன்று. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்னும் பழமொழி இங்கே பொருந்தும். அரசு ஒதுக்கீடு தருகிறது. மதிப்பெண்ணைப் பிள்ளையே சம்பாதிக்கிறது. நடுவில் ஒரு மேசை தடுக்கிறது.

சட்டம் இதுபற்றி என்ன கூறுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே வழங்க வேண்டும் என்றும், தாமதிப்பவர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுவார் என்றும், சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்பதற்காக அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் விதிக்கிறது. ஆனால் அச்சட்டம் எட்டாம் வகுப்பு வரையுள்ள தொடக்கக் கல்விக்கே உரியது. கல்லூரி வாசலில் நிற்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அந்த வேலி இல்லை. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியன்று என்றும், பாக்கி பற்றிய குறிப்பைச் சான்றிதழில் எழுதலாகாது என்றும், பாக்கியைப் பெற்றோரிடமிருந்து சட்டப்படியான வழியில் பெறலாம் என்றும் தீர்ப்பளித்தது. கல்லூரிகள் மூலச் சான்றிதழ்களைத் தம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018இல் அறிவித்தது.

எனினும் சட்டம் துணை நிற்கிறது என்பதால் காலம் நமக்காக நின்றுவிடாது. உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகரைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தன்பாத் நகரிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம் பெற்றும், 17,500 ரூபாயை உரிய நேரத்துக்குள் செலுத்த இயலாமல் அவ்விடத்தை இழந்தான். 2024 செப்டம்பர் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட்டு அவனுக்கு இடம் வழங்கச் செய்தது. நியாயம் கிடைத்தது, மகிழ்ச்சியே. ஆனால் கொல்லிமலையின் 14 நாடுகளிலிருந்தும் எத்தனை பேரால் டெல்லி வரை செல்ல முடியும்? நமக்கு வேண்டியது கடைசி நாளுக்குப் பின் கிடைக்கும் நியாயமன்று. கடைசி நாளுக்கு முன் கிடைக்கும் காகிதம்.

அதற்கான வழி கடினமானதன்று. முதலாவதாக, வேலையைத் தை மாதத்திலேயே தொடங்க வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்று ஆகிய நான்கிலும் பெயரும் முதலெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பாவு ஓடுவதற்கு முன் இழையைச் சரிபார்க்காத நெசவாளர் உண்டா? அதுபோலவே இதுவும். பழங்குடியினருக்குரிய சாதிச் சான்றைத் தாசில்தார் வழங்குவதில்லை, கோட்டாட்சியரே வழங்குகிறார், விசாரணைக்கு நாட்கள் ஆகும். ஆகவே அதனையும், முதல் பட்டதாரிச் சான்றையும் தேர்வுக்கு முன்பே பெற்றுவிடுவது நலம். ஆறாம் வகுப்பு முதல் பயின்றமைக்கான சான்றையும், படித்த எல்லாப் பள்ளிகளிலும் அப்போதே கேட்கத் தொடங்கலாம். 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு மட்டுமன்றி, மாணவியருக்குரிய புதுமைப் பெண் திட்டத்துக்கும், மாணவருக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் எங்கே படித்தோம் என்பதே ஆதாரம்; மாதம் 1,000 ரூபாய் அதைப் பொறுத்தது.

இரண்டாவதாக, எதையும் எழுத்தில் கேட்க வேண்டும். மனுவை இரண்டு பிரதிகளாக எழுதி, எந்தச் சான்று, எதற்காக, எந்தத் தேதிக்குள் தேவை என்பதைக் குறித்து, ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு வாரத்தில் பதில் இல்லையேல், அப்பிரதியுடன் மாவட்டக் கல்வி அலுவலரிடமும், பின்னர் முதன்மைக் கல்வி அலுவலரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் முறையிடலாம். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியானால் பழங்குடியினர் நலத் துறையின் மாவட்ட அலுவலரையும் அணுகலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417, முதல்வரின் உதவி மையமான 1100 ஆகிய தொலைபேசி எண்களும் உள்ளன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு என்னவாயிற்று என்று கேட்கலாம். ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், முன்கூட்டித் தொடங்கியவர்களுக்கே அது பயன்படும்.

மூன்றாவதாக, பள்ளியிடம் கேட்கும் அதே நாளில் கல்லூரிக்கும் தெரிவிக்க வேண்டும். முத்திரையிட்ட மனுவின் பிரதியை இணைத்து, சான்று வரும் வரை அவகாசம் தருமாறு எழுத்தில் கேட்டால், உறுதிமொழி பெற்றுக்கொண்டு இடம் தரும் கல்லூரிகள் உண்டு. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை தேர்வுத் துறையின் இணையதளத்திலிருந்து தற்காலிகச் சான்றை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே அதற்காகப் பள்ளி வாசலில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

இவற்றை ஒவ்வொரு தகப்பனும் தானே செய்துகொள்ளலாமே, சங்கம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்கள் வெளியே சொல்லாத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். மூத்த பிள்ளைக்காக மனு எழுதினால், அதே பள்ளியில் படிக்கும் இளைய பிள்ளையின் கதி என்னவாகுமோ என்ற அச்சம் நமக்கு உண்டு. எழுத்தரிடம் கைகட்டி நிற்பதும், நாளை வா என்றால் மலையேறித் திரும்புவதும் அந்த அச்சத்தின் விளைவுதான். தனி மனிதன் முத்திரை கேட்டால் அது சண்டையாகத் தோன்றும். பத்துப் பெற்றோரின் மனுக்களைச் சங்கத்தின் காரியதரிசியும் ஒரு நிர்வாக அங்கத்தினரும் எடுத்துச் சென்று மரியாதையுடன் கொடுத்தால் அது அலுவல்முறையாகிவிடும். பள்ளிக்கும் பத்து நாள் பத்துப் பேருக்குப் பதில் சொல்லும் சிரமம் குறையும். ஒருவனால் விற்க முடியாத மிளகையும், ஒருவனால் வாங்க முடியாத நூலையும் கூட்டாக நின்று சாதித்த நாம், ஒருவனால் கேட்க முடியாத கேள்வியைக் கூட்டாகக் கேட்கக் கூடாதா?

இது கூட்டுறவின் வேலையன்று என்போருக்கு அதன் பிறப்பு வரலாறே பதில் சொல்லும். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை தொடங்கினார்கள். அவர்களுள் நெசவாளரும் இருந்தார்கள். மாவும் வெண்ணெயும் விற்ற அச்சங்கம், சில ஆண்டுகளுக்குள்ளேயே இலாபத்தில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கென ஒதுக்கி, வாசகசாலையும் நூலகமும் நடத்தியது. இன்றும் உலகக் கூட்டுறவுக் கோட்பாடுகளுள் கல்வி ஐந்தாவதாகவும், சமூக அக்கறை ஏழாவதாகவும் நிற்கின்றன.

ஆகவே அடுத்த மகாசபையில் பின்வரும் யோசனைகளை ஆலோசிக்குமாறு வேண்டுகிறேன். தை மாதத்தில் ஒரு நாளைச் ‘சான்றிதழ் நாள்’ என்று குறித்து, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பயிலும் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்து, அவர்களுடைய காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். மனுப் படிவத்தைச் சங்கமே அச்சிட்டு வழங்க வேண்டும். இ-சேவை மையம் நடத்தும் சங்கங்கள் அந்நாளில் இவ்வேலைக்கு முதலிடம் தர வேண்டும். துணைவிதி இடம் தருமாயின், கட்டணப் பாக்கிக்கும் கல்லூரியின் முதல் கட்டணத்துக்கும் குறுகிய காலக் கடன் வழங்கலாம். பாக்கி தீர்ந்துவிட்டால் பள்ளிக்குச் சொல்லச் சாக்கு இராது.

அண்டை மலையான பச்சைமலையிலிருந்து 2024இல் பழங்குடிப் பெண் ஒருத்தி திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இடம்பெற்றாள் என்ற செய்தியை நாம் எல்லோரும் பெருமையுடன் படித்தோம். நம் மலையிலும், மலையடிவாரத்துத் தறி வீடுகளிலும் அத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கத் தவறவில்லை. தோண்டிய கிழங்கை லாரிக்காகக் காக்க வைக்காத நாம், தேறிய பிள்ளையைக் காகிதத்துக்காகக் காக்க வைக்கலாகாது. இவ்வாண்டுத் தையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.