பொறுமை மருந்தல்ல

பெண்ணுக்குப் பொறுமை அழகு என்கிறார்கள். நெஞ்சைத் திறந்து தைத்துப் படுக்கவைத்த பெண்ணிடமும் அந்த அழகை எதிர்பார்க்கிறார்களே, அதுதான் என் ஆத்திரம்.

நாகல் நகரில் தறியிலேயே வயதைக் கழித்த என் பெரியம்மாவுக்கு, காசநோய் அரித்த நுரையீரலின் ஒரு பகுதியை அகற்றினார்கள். விலா எலும்புகளை விரித்துச் செய்யும் ஆபரேஷன் அது. ஒவ்வொரு மூச்சுக்கும் வெட்டிய இடம் அசையும். முனகியவருக்கு வார்டில் கிடைத்த பதில்: “மூணு புள்ள பெத்தவங்கதானே, இதத் தாங்க மாட்டீங்களா?” பிள்ளை பெற்றதை வலி தாங்குவதற்கான சான்றிதழாக மாற்றியது யார்?

வழி இல்லாமல் இல்லை. முதுகின் நடுவில், தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாயைச் செருகி, மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தலாம். நெஞ்சுப் பகுதியின் வலி அடங்கும், நினைவு தப்பாது. இதுதான் எபிடியூரல். இதன் அடிப்படை முறையை ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடல் பாகேஸ் 1921இலேயே எழுதி வெளியிட்டார்.

இதைச் சொகுசு என்று ஒதுக்க முடியாது. வலிக்குப் பயந்து அரை மூச்சு விடுபவளால் இருமிச் சளியைத் துப்ப முடியாது. சளி தேங்கினால் நிமோனியா வரும். வலியை அடக்குவதும் உயிர் காக்கும் சிகிச்சைதான்.

எல்லோருக்கும் எபிடியூரல் பொருந்தாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்களுக்கும் தவிர்ப்பார்கள். ரத்த அழுத்தம் இறங்கலாம் என்பதால் கண்காணிப்பும் தேவை. ஆனால் அப்படிப்பட்டவர்களுக்கும் வேறு மருந்துகள், வேறு ஊசிகள் உண்டு. தர முடியாதென்றால் காரணத்தைச் சொல்லட்டும். ‘பொறுத்துக்கோங்க’ என்பது காரணமல்ல.

இது நம் ஊர்ப் புத்தி மட்டுமல்ல. 1990இல் அமெரிக்காவில் வெளியான கால்டரோனின் ஆய்வு, இதய பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு ஆண்களுக்கு வலி மருந்தும், பெண்களுக்கு அமைதிப்படுத்தும் மருந்தும் அதிக முறை கொடுக்கப்பட்டதைக் காட்டியது. அவனுக்கு வந்தால் வலி. அவளுக்கு வந்தால் பதற்றம்!

தோழிகளே, ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வலிக்கு என்ன ஏற்பாடு? எபிடியூரல் உண்டா? இல்லையென்றால் ஏன்? நடுராத்திரியில் வலித்தால் யாரைக் கூப்பிடுவது? இவற்றுக்குப் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒப்புதல் படிவம் கணவர் கையிலோ மகன் கையிலோ இருந்தால், அதை உங்கள் கைக்கு வாங்குங்கள். வலிக்கப்போவது உங்கள் நெஞ்சு.