கைப்பேசியில் திறக்காத கதவுகள்

கல்வி உதவித்தொகை, பட்டா, குடும்ப அட்டை, தேர்வு முடிவு என எல்லாமே இன்று இணையத்துக்கு வந்துவிட்டன. ‘இணையத்தில் விண்ணப்பிக்கவும்’ என்ற ஒற்றை வரியோடு அலுவலகங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. ஆனால் நம்மில் எத்தனை வீடுகளில் கணினி இருக்கிறது? பெரும்பாலும் இருப்பது ஒரு கைப்பேசிதான். அதில் அந்தத் தளம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று யார் பார்ப்பது?

எழுத்துகள் எறும்பு போலத் தெரிகின்றன. பக்கத்தை இடமும் வலமும் இழுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ‘சமர்ப்பி’ பொத்தானோ திரைக்கு வெளியே நிற்கிறது. கடைசியில் பிரவுசிங் சென்டருக்குப் போய், ஆதார் எண்ணையும் ஓடிபியையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்கிறோம். இலவசச் சேவைக்குக் காசும் போகிறது, அந்தரங்கமும் போகிறது.

இது தீர்க்க முடியாத சிக்கலா என்றால், இல்லை. திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கம் தானே மாறிக்கொள்ளும் முறையை ஈத்தன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் 2010லேயே விளக்கிவிட்டார். 2015 ஏப்ரலில் கூகுள், கைப்பேசித் தேடலில் கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை தரத் தொடங்கியது. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் இழுக்காமல் படிக்க முடிய வேண்டும் என்பது 2018ல் வெளியான சர்வதேச இணைய அணுகல் நெறிமுறை. ஆக, வழி தெரியாமல் இல்லை, அக்கறைதான் இல்லை.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. கண் சிமிட்டிக் காட்டினால்தான் வங்கிச் சேவை என்றால், அவர்கள் என்ன செய்வார்கள்? டிஜிட்டல் சேவையைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது நீதிமன்றம். எனவே கைப்பேசியில் இயங்காத அரசுத் தளத்தைக் குறித்து முறையிடுவது சலுகை கேட்பதாகாது.

அரசிடம் கேட்கும் நாம், நம் ஜமாஅத்தும் அறக்கட்டளையும் பள்ளியும் நடத்தும் தளங்களையும் பார்க்க வேண்டும். உதவித்தொகை அறிவிப்பைப் பெரிய பிடிஎஃப் கோப்பாகப் போடாமல் எழுத்தாகவே போடலாம். தேவையற்ற படங்களை நீக்கலாம். தேவையான விவரங்களை மட்டும் படிவத்தில் கேட்கலாம். பெருவிரலுக்கு எட்டும் அளவில் பொத்தான் வைக்கலாம்.

தளம் தயாரானதும், விலை குறைந்த ஒரு கைப்பேசியை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். யார் உதவியும் இல்லாமல் அவர் முடித்துவிட்டால், அந்தத் தளம் மக்களுக்கானது.