கண் எழுதுதல்

குன்றாண்டார்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவியர் சிலர் இமைமேல் வண்ணப்பூச்சு அணிகின்றனர். பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். இஃது ஒன்றும் புதுமையன்று. மையிடுதலைக் 'கண் எழுதுதல்' என்றே நம் முன்னோர் வழங்கினர். காதலர் கண்ணுள் உறைதலின் மை எழுதேன் என்னும் தலைவியை வள்ளுவர் காட்டுவார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'இஸ்மித்' என்னும் சுர்மாவைப் பரிந்துரைத்தமையை நபிமொழி நூல்கள் நவிலும். எனவே அணிதல் குற்றமன்று. தன் கண்ணைப் பிறிதொருத்தியின் கண்ணாக்க முயல்வதே பிழை.

கயலென்றும் மானென்றும் தாமரையென்றும் கண்ணைப் பலவாறு உவமித்தது தமிழ். எல்லாக் கண்ணுக்கும் ஒரே பூச்சுப் பொருந்தாது. உள்ளடங்கிய இமைக்கு வெளிர்நிறம் பொலிவூட்டும். புடைத்த இமையை அடர்நிறம் அடக்கிக் காட்டும். நெருங்கியமைந்த கண்களுக்குக் கடைக்கண் பக்கம் நிறம் கூட்டுதல் தகும். எழுதுமுன் ஏட்டை அறிதல் வேண்டுமன்றோ!

பெரியோர் கடிய வேண்டியது வண்ணத்தையன்று, நஞ்சையே. சந்தையில் சுர்மா என விற்கப்படுவனவற்றுட் சில ஈயக் கனிமத்தின் தூளே. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வழக்கமெனக் கருதிப் பச்சிளங் குழந்தையின் கண்ணில் அதனைத் தீட்டும் நம் இல்லங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் கடன்.