பிரேக் மிதித்தால் நடுங்கும் ஸ்டியரிங்



சுந்தரபாண்டியத்துக் குடும்பத் தலைவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் பட்டறைச் சீட்டொன்றைக் கையில் பிடித்தபடி என்னைக் காண வந்தார். "சாமி, வீட்டுக்காரி வளையலை அடகு வைக்கப் போறேன். காருக்கு ஸ்டியரிங்கை முழுசா மாத்தணுமாம்" என்றார். பழைய கார்தான், எனினும் வாரந்தோறும் தம் தாயாரைச் சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் செல்ல அவருக்கு அதுவே துணை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கியது. பட்டறையில் சக்கரங்களைப் பாலன்ஸ் செய்தார்கள். முன் டயர் இரண்டையும் மாற்றினார்கள். நடுக்கம் மட்டும் நின்றபாடில்லை.

நான் மெக்கானிக் அல்லன். ஆயினும் பங்குப் பணிக்காக நெடுங்காலம் வண்டி ஓட்டியவன் என்ற உரிமையில், "மிதிக்காதபோதும் நடுங்குகிறதா?" என்று கேட்டேன். "இல்லை சாமி, மிதிச்சா மட்டுந்தான்."

இவ்விடையிலேயே பாதி நோய் விளங்கிவிடுகிறது. பிரேக்கைத் தொடாமலே வேகத்தில் நடுங்கினால் டயர், ரிம், பாலன்ஸ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் முதலில் ஐயுற வேண்டியது முன்சக்கர டிஸ்க்கை. நடுக்கம் ஸ்டியரிங்கில் இல்லாமல் இருக்கையிலும் பெடலிலும் தெரிந்தால், பெரும்பாலும் குற்றம் பின்சக்கரங்களில் இருக்கும். திடீரென அழுத்தி மிதிக்கையில் பெடல் படபடப்பது ஏ.பி.எஸ். உள்ள வண்டிக்கு இயல்பே, அது பழுதன்று.

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. உண்மையில் வளைவது அரிது. சுற்றெங்கும் ஒரே சீராக இருக்க வேண்டிய அதன் தடிமன் இடத்துக்கு இடம் வேறுபட்டுவிடுகிறது. இரு பேட்களும் டிஸ்க்கை இரு உள்ளங்கைகளைப் போல் அழுத்துகின்றன. தடித்த இடம் வரும்போது பிடி இறுகுகிறது, மெலிந்த இடத்தில் தளர்கிறது. எண்பது வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை சுழலுமாதலால், அத்தனை முறையும் ஸ்டியரிங் உதறும். இதற்கு 0.02 மில்லிமீட்டர் வேறுபாடே போதும். தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு! கண்ணால் பார்த்து இதனைக் கண்டுபிடிக்க எவராலும் இயலாது.

ஆகவே இராசபாளையத்து நூற்பாலையொன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் அவரை அனுப்பினேன். பெரியவர் சக்கரத்தைக் கழற்றி, டயல் கேஜை நிறுத்தி, டிஸ்க்கை மெல்லச் சுழற்றினார். மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் தடிமனை அளந்தார். வலப்புற டிஸ்க்கில் 0.03 வேறுபாடு; ஓரிடத்தில் நீலம் பாய்ந்த திட்டு. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையே துருப் பொருக்கு வேறு. அத்துருவால் டிஸ்க் சற்றே சாய்ந்து உட்கார்ந்து, மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டில் உரசித் தேய்ந்திருக்கிறது.

"மலைப்பக்கம் போனீர்களா?" என்று பெரியவர் கேட்டாராம். போயிருக்கிறார்! குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை குடும்பத்தோடு இறங்கியபோது கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்தபடியே வந்து, அடிவாரத்தில் காலை எடுக்காமல் வண்டியை நிறுத்தியிருந்தாராம். 1200 கிலோ வண்டி எண்பது வேகத்திலிருந்து ஒருமுறை நின்றாலே, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் பிறக்கிறது. மலையிறக்கம் முழுவதையும் எண்ணிப் பாருங்கள். அவ்வெப்பத்தில் பேட்டின் பொருள் நின்ற இடத்திலேயே டிஸ்க்கில் அப்பிக்கொள்ளும்.

டிஸ்க்கில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனை அது ஏற்கெனவே நெருங்கிவிட்டதால், லேத்தில் கடைந்து பயனில்லை. துருவைச் சுரண்டி, முன்புறம் இரண்டு டிஸ்க்குகளையும் பேட்களையும் சேர்த்தே மாற்றினார்கள். ஸ்டியரிங்குக்குக் கேட்ட தொகையில் சிறு பங்கே செலவாயிற்று. வளையல் வீட்டிலேயே இருக்கிறது.

எல்லா நடுக்கமும் டிஸ்க்கால் வருவதன்று. டை ராடு முனை, கீழ்க்கை புஷ், சக்கர பேரிங் ஆகியவை தேய்ந்திருந்தால் சிறு குற்றமும் பெரிதாகத் தெரியும். அளக்கும்போதே இவற்றையும் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி ஒருபுறமாக இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடானாலோ கேலிப்பர் இறுகியிருக்கக்கூடும். பெடல் ஆழமாக இறங்கினாலும், இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டாலும் வண்டியை எடுக்கவே வேண்டாம். தாயாரை அன்று பேருந்தில் அழைத்துச் செல்லலாம்.

சக்கர நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்காமல், ஒன்றுக்கு எதிரே மற்றொன்றாக, டார்க் ஸ்பேனரால் குறித்த அளவுக்கு முறுக்கச் சொல்லி அருகில் நின்று பாருங்கள். பஞ்சர் ஒட்டும்போதுங்கூட.